ஆட்டிசம் உள்ள திருநர் பிள்ளையின் மனநலம்: சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

திங்கட்கிழமை காலைதோறும் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் பிள்ளைக்கு ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால், நடிப்பு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தம் உடம்புக்குள் நிகழ்வது பசியா, பயமா, வலியா என்று பிரித்தறிவதே கடினம். பதற்றத்துக்கு அந்தப் பிள்ளை அறிந்த ஒரே பெயர் வயிற்றுவலியாக இருக்கலாம். அந்தப் பிள்ளை திருநராகவும், அதாவது பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு தன் அடையாளம் ஒத்துப்போகாதவராகவும் இருக்கலாம். 6 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகமாகக் காணப்படுவதைக் கண்டறிந்தது. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அதற்குப் பொருளல்ல. எனினும், பிள்ளையின் பாலின அடையாளத்தைப் பற்றி "ஆட்டிசத்தால் வந்த குழப்பம், சரியாகிவிடும்" என்று உறவினர் சொல்லும்போது, தன்னைப் பற்றிப் பிள்ளை சொல்வதை நம்பவே வேண்டாம் என்றுதான் அவர் சொல்கிறார்.

முதல் வேலை, துன்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்கு, பிள்ளை தவித்த நேரம், இடம், அணிந்திருந்த உடை, சுற்றியிருந்த சத்தம், யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். காரணத்தை எழுத வேண்டாம். பள்ளிச் சீருடையை வெறுக்கும் பிள்ளைக்கு மே மாத வியர்வையில் உரசும் பாலியஸ்டர் துணி சிக்கலா, அல்லது அந்தச் சுடிதாரோ கால்சட்டையோ தன்னை இன்னாரென்று அறிவிப்பது சிக்கலா? துணியைப் பருத்திக்கு மாற்றியும் தவிப்பு தொடர்ந்தால், உடை வெட்டித் தைக்கப்பட்ட விதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ஒன்றைக் குறைத்தாலே மற்றொன்றைத் தாங்கும் தெம்பு பிள்ளைக்குக் கிடைக்கும்.

பள்ளியில் நாள் முழுதும் மற்றவர்போல நடந்துகொண்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் வெடித்து அழுவதையோ பேச்சே இல்லாமல் அடங்கிவிடுவதையோ அடம் என்று கொள்ளாதீர்கள். ஆட்டிசத்தையும் பாலின அடையாளத்தையும் ஒருசேர மறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இரட்டிப்புச் சோர்வு. அந்த நேரத்தில் கேள்வி வேண்டாம், டியூஷன் வேண்டாம். மங்கிய வெளிச்சமும் மின்விசிறியும் ஒரு மணி நேரத் தனிமையும் போதும்.

பேசும்போது முகத்துக்கு நேரே உட்கார வைத்து "என்னதான் பிரச்சினை?" என்று கேட்டால் பதில் வராது. விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் பக்கவாட்டில் நடந்துகொண்டோ, அடுத்த அறையிலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதியோ கேளுங்கள். "இன்று வகுப்பில் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நெஞ்சு படபடத்ததா?" என்பதுபோல் கேள்வி குறிப்பாக இருக்கட்டும், விடைக்குப் பல நிமிடம், சில சமயம் மறுநாள்வரையும் காத்திருங்கள்.

இங்கே நம் மொழி கொஞ்சம் உதவுகிறது. நான், நீ என்று பேசும்போது தமிழ் வினைகளில் பால் காட்டும் விகுதி வருவதில்லை. படர்க்கையில்தான் அவன், அவள் என்று சிக்கல் தொடங்குகிறது, அங்கும் அவர் என்னும் சொல் இருக்கிறது. வீட்டில் காயப்படுத்துவது பெரும்பாலும் நாம் கவனிக்காத டாவும் டியும்தான். எது பிடிக்கும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். தெரியும்வரை கண்ணு, தங்கம், செல்லம் போதும். புதிய பெயரை எங்கே, யார் முன்னால் சொல்லலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளையின் அனுமதியின்றி தாத்தா பாட்டிக்கோ அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ளவர்களுக்கோ சொல்வது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், நம்பிக்கையை முறிக்கும்.

மஞ்சள் நீராட்டு விழாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன்னை ஆணாக உணரும், ஆட்டிசமும் உள்ள பிள்ளைக்குப் பட்டுப்புடவை, நகை, ஒலிபெருக்கி, வீடியோ விளக்கு, தொட்டுத் தொட்டு நலங்கு வைக்கும் கைகள் எல்லாம் ஒரே நாளில் வந்து சேர்வது பெருந்துன்பம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பது விழாவை நடத்தப் போதுமான காரணமல்ல.

மனநல உதவி தேடும்போது, முதல் சந்திப்புக்கு முன்பே தொலைபேசியில், ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினரோடு பணியாற்றியிருக்கிறாரா, திருநர் அடையாளத்தை நோயாகக் கருதுகிறாரா என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 என்னும் நோய் வகைப்பாடு, பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாத நிலையை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய முயற்சியைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. ஆகவே "மாற்றிவிடலாம்" என்று உறுதி கூறுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ சென்றால் புறநோயாளிப் பிரிவின் கூட்டமும் இரைச்சலும் பிள்ளையைத் திணறடிக்கலாம். காதை மூடும் ஹெட்போன், தண்ணீர், பிள்ளையின் பெயரும் தொல்லைகளும் எழுதிய ஒரு பக்கத் தாள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் பிள்ளையோடு வெளியே மர நிழலில் இருக்கலாம். சிறிது நேரமாவது பிள்ளை தனியாகப் பேச மருத்துவரிடம் கேளுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோல "ஆமாம்" என்று சொல்லக்கூடும்; குரலை வைத்து எடைபோடாமல் சொல்லை நம்புங்கள். அன்றே மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசியான டெலிமனாஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பை 044 24640050 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அறிமுகமில்லாதவரோடு தொலைபேசியில் பேசுவது பிள்ளைக்கு முடியாதென்றால், ஒலிபெருக்கியில் வைத்து நீங்கள் பேசுங்கள், பிள்ளை தாளில் எழுதிக் காட்டட்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108ஐ அழையுங்கள். வரும் ஊழியரிடம் சைரனை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள், பிள்ளையைத் தொடுமுன் சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.