தாத்தா பட்டாளத்துல எங்க இருந்தாருன்னு தேடணுமா? பேர விடுங்க, நம்பரப் பிடிங்க

"எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவரு"ன்னு நம்ம பக்கம் நெறைய வீட்டுல சொல்லுவாங்க, ஆனா எந்த ரெஜிமென்ட், எந்த பட்டாலியன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப்போர்ல இந்திய ராணுவத்துல சுமார் 25 லட்சம் பேர் இருந்தாங்க, அதுல முனுசாமின்னு பேர வச்சு தேடினா ஒண்ணும் கிடைக்காது. அந்தக் காலத்து கிளார்க் காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதி வச்சிருப்பான், இனிஷியல் இருக்காது, ஊர் பேரும் என்னமோ மாதிரி இருக்கும். அதனால முதல்ல வேண்டியது சர்வீஸ் நம்பர், அதாவது பட்டாளத்துல அவருக்குக் குடுத்த நம்பர், அடுத்தது யூனிட், அதாவது அவர் இருந்த படைப்பிரிவு, பேரெல்லாம் அதுக்கப்புறம்தான்.

நம்பர் எங்க கிடைக்கும்? பழைய டிரங்க் பெட்டிய கொட்டிப் பாருங்க. டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட் இருந்தா அதிர்ஷ்டம். அது கரையான் அரிச்சிருந்தாலும் மெடல் ஒண்ணாவது மிச்சம் இருக்கும், அதுவே போதும். இது பல பேருக்குத் தெரியாத விஷயம்: பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அந்த யுத்தத்து மெடல்கள பேர் பொறிக்காமதான் குடுத்தாங்க, ஆனா இந்திய சிப்பாய்களோட மெடல்ல நம்பர், ரேங்க், பேர், யூனிட் எல்லாம் குத்தியிருப்பாங்க. வட்ட மெடலா இருந்தா விளிம்புல பாருங்க, ஸ்டாரா இருந்தா திருப்பிப் பின்பக்கம் பாருங்க. ஃபோன் டார்ச்ச சாய்ச்சுப் புடிச்சா எழுத்து தெரியும். தயவு செஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, பளபளன்னு ஆகும், கூடவே எழுத்தும் போயிடும்.

எந்த மெடல்ங்கறதும் முக்கியம். பர்மா ஸ்டார் இருந்தா 1941 டிசம்பருக்கு அப்புறம் அந்தப் போர்முனைக்குப் போயிருக்காருன்னு அர்த்தம். இத்தாலி ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார் இருந்தா கதையே வேற. வெறும் வார் மெடல் மட்டும்னா 28 நாள் சர்வீஸ் இருந்தாலே அது கிடைக்கும், அதனால அவர் இந்தியாவ விட்டு வெளிய போகாமலே இருந்திருக்கலாம், வீட்டுல பர்மான்னு சொன்னாலும் சரி.

அடுத்து யூனிட். 4/3 மெட்ராஸ்னு இருந்தா 3வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டோட 4வது பட்டாலியன்னு படிக்கணும், அந்த 3ங்கற நம்பர யுத்தத்துக்கு அப்புறம் எடுத்துட்டாங்க. ஆனா துப்பாக்கி தூக்கினவர்னு வீட்டுல சொல்ற எல்லாரும் இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை, கிடையாது. எஸ் அண்ட் எம்னு இருந்தா சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம் கட்டுறது கண்ணிவெடி எடுக்கறது, ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.ன்னு இருந்தா சப்ளை லாரி ரேஷன் வேலை. இதுல ஏமாற்றம் அடைய ஒண்ணும் இல்ல, பர்மா ரோட்டுல லாரி ஓட்டினவன் பட்ட பாடு சும்மா இல்ல. ஆனா கடுதாசி எங்க போடணும்ங்கறது இதுலதான் மாறும். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன்ல இருக்கற ரெக்கார்ட்ஸ் ஆஃபீஸ், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூர்.

கடுதாசில நம்பர், ரேங்க், மெடல்ல இருக்கற அதே ஸ்பெல்லிங்ல பேர், அப்பா பேர், ஊர், தாலுகா, தோராயமா சேர்ந்த வருஷம் எல்லாம் எழுதி, இறப்புச் சான்றிதழும் நீங்க என்ன உறவுங்கறதுக்கு ஆதாரமும் காப்பி வச்சு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. யுத்தத்துக்காக சேர்ந்து 1946 வாக்குல பென்ஷன் இல்லாம வீட்டுக்கு வந்தவங்க ஃபைல 25 வருஷத்துக்கு மேல வச்சிருக்க வேண்டியதில்லங்கறது ரூல், அதனால "ஃபைல் அழிக்கப்பட்டது"ன்னு பதில் வரத்தான் செய்யும். அங்க விட்டுடாதீங்க. லாங் ரோல்னு ஒரு பெரிய பேரேடு உண்டு, அத அழிக்கறதில்ல, சேர்ந்த தேதி, வெளிய வந்த தேதி, காரணம் எல்லாம் ஒரே வரியில இருக்கும். "லாங் ரோல் என்ட்ரியாவது குடுங்க"ன்னு முதல் கடுதாசிலயே கேட்டுடுங்க.

நம்பரே கிடைக்கலன்னா பாட்டி பக்கமா தேடுங்க. இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை குடுக்குது, பாட்டி அது வாங்கியிருந்தா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல ஒரு ஃபைல் இருந்திருக்கணும், அதுல நம்பர் இருக்கும்.

தாத்தா திரும்பி வரவே இல்லன்னா யுத்தத்துல செத்தவங்க கல்லறைகளப் பராமரிக்கற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட்ல தேடறது இலவசம். பர்மால செத்து கல்லறை தெரியாதவங்க சுமார் 27,000 பேரோட பேர் ரங்கூனுக்கு வடக்க தாக்யான்ல தூண்கள்ல வெட்டியிருக்கு. நம்ம பேர் ஸ்பெல்லிங்ல மாட்டாது, அதனால ரெஜிமென்ட்ட மட்டும் போட்டுத் தேடி, "இன்னாரோட மகன், இன்ன ஊர், சேலம் ஜில்லா"ன்னு வர்ற குறிப்ப ஒவ்வொண்ணா படிச்சுப் பாருங்க.

தேதியும் பட்டாலியனும் கைக்கு வந்தப்புறம்தான் வார் டைரி. அது பட்டாலியன் தினமும் எழுதின குறிப்பு, எங்க முகாம், எந்த ஆறு தாண்டினாங்க, எத்தன பேருக்குக் காயம்னு இருக்கும். சிப்பாய் பேர் பெரும்பாலும் இருக்காது, ஆபீசர் பேர்தான், ஆனா அந்த மாசம் உங்க தாத்தா எங்க இருந்தாருன்னு தெரிஞ்சுடும். பர்மா பக்கத்து டைரிகள் லண்டன்ல கியூங்கற இடத்துல இருக்கற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல, அதாவது பிரிட்டிஷ் அரசு ஆவணக் காப்பகத்துல, டபிள்யூ ஓ 172ங்கற வரிசைல, யூனிட்வாரியா வருஷவாரியா இருக்கு. மிடில் ஈஸ்ட்னா 169, இத்தாலின்னா 170. அவங்களையே காப்பி எடுத்து அனுப்பச் சொன்னா செலவு எகிறிடும். அங்க படிக்கப் போறவங்களுக்கு ரீடர்ஸ் டிக்கெட் இலவசம், சொந்த ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்கலாம், அதுக்கும் காசு இல்ல, அதனால லண்டன்ல மச்சான் மாமான்னு யாராவது இருந்தா ஃபைல் நம்பர சரியா குடுத்து ஒரு நாள் போகச் சொல்லுங்க, டாக்குமென்ட்ட ஆன்லைன்ல முன்கூட்டியே புக் பண்ணிடலாம்.