கான்கிரீட் முற்றம்: அடியில் எதை நிரப்புவது?

கார் நிறுத்த முற்றத்தில் கான்கிரீட் போடுகிறவர்கள் சிமென்ட், கம்பி பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். அடியில் போடும் பொருளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. எங்கள் முற்றம் இரண்டாவது மழைக்காலத்தில் மூலையில் விரிசல் விட்டது. உடைத்துப் பார்த்தால், கான்கிரீட்டுக்குக் கீழே கை நுழையும் அளவு பொந்து. நிரப்பிய மண் தாழ்ந்துபோயிருந்தது.

1. மண்ணைப் பாருங்கள்

உங்கள் மனை வயலா, விளையா (மேட்டுத் தோட்ட நிலம்), கடற்கரையா? ஓர் அடி தோண்டி, கீழ்மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். பென்சிலைவிட மெலிதாக, உடையாமல் திரிபோல உருண்டால் அது களி. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை அந்த ஆட்டம் நடக்கும்.

விளவங்கோடு, கல்குளம் பக்கத்து விளைகளில் வெட்டுக்கல் கலந்த செம்மண் தட்டுப்பட்டால் நல்லது. வேரையும் மேல்மண்ணையும் எடுத்துவிட்டால் கெட்டியான தரை கிடைக்கும்.

2. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கெட்டியான செம்மண் தரைக்கு, பெரிதும் சிறிதும் பொடியும் கலந்த சல்லி 4 அங்குலம் போதும். இடித்து இறுக்கினால் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும்.

வயலை நிரப்பிய மனைக்கு அது சரிப்படாது. பொடி நிறைந்த அடித்தளம் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை மேலே இழுக்கும். அங்கே களியை முடிந்தவரை வெட்டி எடுத்து, நல்ல செம்மண்ணை இடித்து நிரப்பி, மேலே பொடியில்லாத ஒன்றரை அங்குலச் சல்லி 4 முதல் 6 அங்குலம் போடுங்கள். கல் இடைவெளியில் நீர் ஏறாது. தேங்காமல் வெளியேற ஓடைக்கு வழியும் விடுங்கள்.

கடற்கரை மணல் தரை, நனைத்து இடித்தால் நன்றாகவே தாங்கும். ஆனால் கம்பி போடும் தளத்தின் அடியில் நிரப்பக் கடல் மணலை வாரிவராதீர்கள். உப்பு கம்பியைத் தின்றுவிடும். இடிபாட்டுக் குப்பையும் வேண்டாம், உள்ளே மரத்துண்டு இருந்தால் கறையான் வரும்.

3. அளவு

10 அடிக்கு 15 அடி முற்றம், சல்லி 4 அங்குலக் கனம் என்றால் 50 கன அடி. இடிக்கும்போது அமுங்கும், அதனால் 60 கன அடிக்கு மேல் சொல்லுங்கள்.

4. இடிப்பது

மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடிப்பதுதான் பெரிய தவறு. எங்கள் வீட்டில் நடந்ததும் இதுவே. 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்கு. ஒவ்வொன்றையும் லேசாக நனைத்து, திம்சுக் கட்டையாலோ (மண்ணை இடிக்கும் கனத்த கட்டை) வாடகை பிளேட் வைப்ரேட்டராலோ இடியுங்கள். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை இறுக்குங்கள்: உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கையில் நீர் கசியக் கூடாது. இடித்த இடத்தில் குதிகாலை ஊன்றி நடங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு சுற்று.

வீட்டிலிருந்து வெளிப்பக்கமாக 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

5. பாலித்தீன் ஷீட்

சல்லியின் முனை குத்தாமலிருக்க மெல்லிதாகப் பாறைப்பொடி தூவி, 250 மைக்ரான் ஷீட் விரியுங்கள். சேரும் இடத்தில் ஓர் அடி ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும். விரித்த அன்றே கான்கிரீட் போட ஆள் சொல்லி வையுங்கள், ஷீட்டின் மேல் மழைநீர் தேங்கினால் முழுதும் இறைத்த பிறகுதான் தொடங்க முடியும்.