சோலார் கார் நெடுந்தூரக் கணக்கு: எங்கே பிசகுகிறது?

"கூரையில் 1 கிலோவாட் பேனல், 4 மணி நேரப் பயணம், ஆக 4 யூனிட் இலவசம்." சோலார் மின்கார் பற்றிய கணக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. முதல் வரியிலேயே பிழை.

அந்த 1 கிலோவாட் ஆய்வுக்கூட அளவு. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி நேராக விழ வேண்டும், பேனலில் உள்ள சோலார் செல்லின் வெப்பநிலை 25 டிகிரியில் நிற்க வேண்டும். காரின் கூரையோ படுக்கையாக இருக்கிறது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருந்தால் நேரடி ஒளியில் பாதிதான் அதன்மேல் விழும். செல் சூடாகச் சூடாக, சிலிக்கான் பேனலின் திறன் டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலும் இழப்பு நிழலின் பரப்பைவிடப் பெரிதாக இருக்கலாம். சராசரியாக 0.6 கிலோவாட் என்று வைத்துக்கொள்வதே தாராளம்.

சரி, அதைவிடப் பெரிய குழப்பம் வேறு. வெயில் மணிக்கணக்கில் தருகிறது. சாலை கிலோமீட்டர் கணக்கில் எடுக்கிறது. வேகத்தைச் சொல்லாமல் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 4 மணி நேரம் போனால் 320 கி.மீ. கார் 100 கி.மீ.க்கு 12 யூனிட் எடுத்தால் மொத்தச் செலவு 38.4 யூனிட். பேனல் தந்தது 2.4, அதாவது சுமார் 6 சதவீதம். அதே தூரத்தை 60-ல் ஓட்டினால் பயணம் 5 மணி 20 நிமிடம் ஆகும், பேனல் 3.2 யூனிட் தரும். காற்றுத்தடைக்குப் போகும் ஆற்றலோ 56 சதவீதமாக இறங்கிவிடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெதுவாகப் போனால் இரண்டு பக்கமும் லாபம். வேகத்தைக் குறிப்பிடாத "சோலார் ரேஞ்ச்" (வெயிலைக் கொண்டு ஓடும் தூரம்) எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை.

பந்தயக் கார்களை உதாரணம் காட்டுவதும் வழக்கம். 1987-ல் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3000 கி.மீ. ஓடி வென்ற சன்ரேசர் என்ற சோலார் காரின் சராசரி வேகம் மணிக்கு சுமார் 67 கி.மீ. ஆனால் அது ஒருவர் மட்டுமே உட்காரும், மிக இலகுவான வண்டி. குடும்பக் காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

காற்றையும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று, சரிக்குச் சரி என்று. அப்படியில்லை. 80-ல் போகும் காருக்கு 20 கி.மீ. எதிர்காற்று வீசினால் அது சந்திப்பது 100 கி.மீ. காற்று, திரும்பும்போது 60. இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் 13,600. காற்றே இல்லாவிட்டால் 12,800. காற்றுத்தடைச் செலவு 6 சதவீதம் கூடிவிட்டது.

ஏசி கடும் வெப்பத்தில் 1 கிலோவாட்டுக்கு மேலும் இழுக்கும். பேனல் தருவதை அதுவே தின்றுவிடும், வண்டி நெரிசலில் நின்றாலும்கூட.

மேடும் அப்படியே. 1500 கிலோ காரை 1000 மீட்டர் ஏற்ற சுமார் 4 யூனிட் வேண்டும். இறங்கும்போது பிரேக் பிடிக்கையில் அதில் ஒரு பகுதி மின்சாரமாகத் திரும்பும், பேட்டரியில் இடமிருந்தால். நிரம்பிய பேட்டரியோடு மலையிலிருந்து கிளம்பினால் பிரேக் ஆற்றலுக்கும் போக்கிடமில்லை, பேனல் மின்சாரத்துக்கும் இல்லை. அந்த மாதிரிப் பாதைக்கு 100 சதவீதம் ஏற்றாமல் கொஞ்சம் காலி விட்டே கிளம்புங்கள்.