திறந்த டிராக் காரில் இன்டர்காம் தெளிவாகக் கேட்க

ரேஸ் டிராக்கில் ஓட்டும் கேட்டர்ஹாம் செவன் மாதிரி திறந்த காரில் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதற்குத்தான் இன்டர்காம், அதாவது ஹெல்மெட் போட்ட இருவரும் மைக், இயர்போன் வழியாகப் பேசிக்கொள்ளும் கருவி. அதிலும் சரியாகக் கேட்கவில்லை என்றால் உடனே எல்லாரும் செய்வது வால்யூமைக் கூட்டுவது, நானும் அதைத்தான் செய்தேன், காது வலித்ததுதான் மிச்சம்.

முதலில் மைக்கைப் பாருங்கள். இரைச்சலைக் குறைக்கும் மைக்கில் முன்னும் பின்னும் துளை இருக்கும். தூரத்துச் சத்தம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் நுழைந்து ஒன்றையொன்று அடித்துவிடும், உங்கள் குரல் மட்டும் ஒரு பக்கம் பலமாக விழும். அதனால் அது உதட்டை உரசுகிற அளவுக்கு நெருக்கமாக, மைக்கின் சரியான பக்கம் உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இரண்டு விரல்கடை தள்ளி வைத்தாலே பாதி போச்சு. சில மைக்கில் உதட்டுப் பக்கத்துக்கு ஒரு புள்ளி வைத்திருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள். மேலே பஞ்சு உறையும் போடுங்கள்.

அப்புறம் காது. ஹெல்மெட்டுக்குள் ஒட்டும் ஸ்பீக்கரை விட, காதை அடைக்கிற நுரை முனையுள்ள இயர்போன் எவ்வளவோ மேல், ஏனென்றால் இரைச்சல் உள்ளே வராதபோது குறைந்த வால்யூமே போதும்.

குரல் கேட்டு மைக்கைத் தானாகத் திறக்கும் வசதியைக் காற்று ஏமாற்றிவிடும், அழுத்திப் பேசும் பட்டனே நல்லது. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊய்' சத்தம் வந்தால் கார் மின்சாரத்தை விட்டுவிட்டு தனி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஒயரில் இழுத்தால் கழன்றுவிடும் இணைப்பு கட்டாயம், அவசரத்தில் இறங்கும்போது ஒயர் கழுத்தில் சிக்கிக்கொள்ளக்கூடாது.