ஜெர்மனிக்கு ஹஸ்பண்ட்கிட்ட போய் சேர்றதுக்கு முன்னாடி: பேப்பர், பணம், பெட்டி

கல்யாணம் முடிஞ்ச மூணாவது வாரம் அவர் லீவு முடிஞ்சு ஸ்டுட்கார்ட் கெளம்பிட்டாரு, நான் திருச்சில அம்மா வீட்ல ஒரு ஃபைலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஃப்ளைட் ஏற ஏழு மாசம் ஆச்சு. அதுல பாதி, எதை முதல்ல செய்யணும்னு தெரியாம முன்னுக்குப் பின்னா செஞ்சதால போனது. இப்ப எங்க சொந்தத்துல ரெண்டு பொண்ணுங்க இதே மாதிரி கெளம்புறாங்க, அவங்களுக்கு ஃபோன்ல சொன்னதத்தான் இங்க எழுதுறேன். ஹஸ்பண்ட் ஜெர்மனில வேலை பாக்குற இந்தியர், நீங்க தமிழ்நாட்டுல இருந்து ஃபேமிலி ரீயூனியன் விசால போறீங்க, இந்த கேஸுக்குத்தான் இது பொருந்தும். அவர் ஜெர்மன் சிட்டிசன்னா சில ரூல் வேற.

முதல்ல பேர். நம்ம ஊர்ல இனிஷியல வச்சே காலம் ஓட்டிடுறோம், பத்தாவது மார்க்‌ஷீட்ல ஆர்.கவிதா, பான் கார்டுல கவிதா ராஜேந்திரன், ஆதார்ல வெறும் கவிதா, பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி. ஜெர்மனில எந்த ஃபாரம் எடுத்தாலும் குடும்பப் பேர்னு ஒரு கட்டம் இருக்கும், அதுதான் அங்க உங்க அடையாளமே. அதனால எதுக்கும் முன்னாடி பாஸ்போர்ட்ட எடுத்து பாருங்க, சர்நேம் காலியா இருந்தா ரீஇஷ்யூ போட்டு அப்பா பேரையோ ஹஸ்பண்ட் பேரையோ விரிச்சு எழுதிக்கங்க, 36 பக்க புக்குக்கு 1500 ரூபாதான் ஃபீஸ். கல்யாணம் ஆயிட்டா பேர மாத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்ல, நான் அப்பா பேரோடதான் இருக்கேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்ல. எந்தப் பேர வைக்கிறீங்கங்கிறத விட எல்லா பேப்பர்லயும் அது ஒரே எழுத்துல இருக்கிறதுதான் முக்கியம். பான், ஆதார், பேங்க் எல்லாத்தையும் பாஸ்போர்ட்டுக்கு மேட்ச் பண்ணுங்க.

அடுத்தது மேரேஜ் சர்டிஃபிகேட். மண்டபத்துல கொடுத்த ரசீது, கோயில் ரசீது எல்லாம் செல்லாது, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிஞ்சது வேணும். தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி கல்யாணம் ஆன 90 நாளுக்குள்ள பதியணும், தவறினா கூடுதல் ஃபீஸ் கட்டி இன்னும் 60 நாள் டைம் உண்டு. அவர் ஊருக்கு கெளம்புறதுக்கு முன்னாடியே பதிஞ்சிடுங்க. மறு வீடு, விருந்துன்னு சுத்திட்டு கடைசி ரெண்டு நாள்ல ஓடினோம், சர்டிஃபிகேட்ல அவர் அப்பா பேர்ல ஒரு எழுத்து தப்பு, அதை திருத்த அவர் வேணும், அவர் அங்க போயிட்டாரு. மூணு மாசம் அதுலயே போச்சு. கவுண்டர்ல கைல வாங்கின உடனே அங்கயே நின்னு பாஸ்போர்ட்ட பக்கத்துல வச்சு ஒவ்வொரு எழுத்தா படிங்க, பின்னாடி எத்தனை பேர் நின்னாலும் பரவால்ல.

ஜெர்மன் மொழி விஷயத்துல நிறைய குழப்பம் இருக்கு. ஹஸ்பண்ட்கிட்ட ப்ளூ கார்டோ (டிகிரி படிச்சு வேலைக்கு போறவங்களுக்கு கொடுக்கிற பர்மிட்) இல்ல ஸ்கில்டு வொர்க்கர் பர்மிட்டோ இருந்தா விசாவுக்கு ஏ1, அதாவது ஆரம்ப லெவல் ஜெர்மன் சர்டிஃபிகேட் சட்டப்படி தேவை இல்ல. மத்த பல கேஸ்ல தேவை. தேவைப்பட்டா சென்னைல ஜெர்மன் மொழி சொல்லிக் கொடுக்கிற மேக்ஸ் முல்லர் பவன்லயே பரீட்சை எழுதலாம், கோயம்புத்தூர்லயும் அதே மாதிரி கோதே சென்டர் இருக்கு, 100க்கு 60 எடுத்தா பாஸ். உங்களுக்கு தேவை இல்லன்னாலும் தயவுசெஞ்சு படிச்சுட்டு போங்க. டாய்ச்ச வெல்லங்கிற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தோட வெப்சைட்ல ஃப்ரீயாவே கோர்ஸ் இருக்கு. விசாக்காக காத்திருக்கிற அந்த மாசங்கள்ல வீட்ல எல்லாரும் எப்ப கெளம்புற எப்ப கெளம்புறன்னு கேட்டுட்டே இருப்பாங்க, தினமும் ஒரு மணி நேரம் அதுக்குன்னு ஒதுக்கினா மனசுக்கும் ஒரு பிடிமானம். அங்க போன முதல் வாரத்துல டாக்டர் ரிசப்ஷன்ல நீங்களே பேர ஸ்பெல் பண்ணி சொல்ல முடிஞ்சா அதுவே பெரிய விஷயம், எல்லாத்துக்கும் அவர் லீவு போட்டு கூட வர முடியாது.

விசா அப்ளிகேஷன் இப்ப கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டல்ல ஆன்லைன்ல போடுறது, பேப்பர ஏத்தி, அவங்க பார்த்து சரின்னு சொன்ன பிறகுதான் அப்பாயின்மென்ட். ஃபீஸ் 75 யூரோ, ரூபாயில கட்டணும். அவர் பக்கத்துல இருந்து பாஸ்போர்ட் காப்பி, பர்மிட் காப்பி, வேலை கான்ட்ராக்ட், கடைசி மாசங்களோட சம்பள ஸ்லிப், வீட்டு வாடகை கான்ட்ராக்ட், அட்ரஸ் பதிவு பேப்பர், இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் வேணும். இதுல வீடுதான் இழுக்கும். அவர் ஃப்ரெண்ட்ஸோட ரூம் ஷேர் பண்ணிட்டு இருந்தா உடனே தனி வீடு தேட ஆரம்பிக்க சொல்லுங்க, பெரிய ஊர்கள்ல மாசக்கணக்குல ஆகுது. டெபாசிட்டா மூணு மாச கோல்ட் ரென்ட் வரைக்கும் கேப்பாங்க, கோல்ட் ரென்ட்டுன்னா ஹீட்டிங், தண்ணி எல்லாம் சேர்க்காத வெறும் வாடகை. கல்யாணச் செலவு முடிஞ்ச கையோட இந்தத் தொகையும் வந்து நிக்கும், அதனால மொய்ப் பணத்துல ஒரு பகுதிய இதுக்குன்னு எடுத்து வைங்க.

நீங்க வேலைக்கு போறவங்கன்னா, விசா கைல வராம ரிசைன் பண்ணாதீங்க. ஐடி கம்பெனிகள்ல 90 நாள் நோட்டீஸ் இருக்கே, இப்பவே போட்டாத்தான் சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. அப்ளிகேஷன்ல எந்த தேதியில இருந்து வர்றீங்கன்னு கேக்குறாங்க, அந்த தேதியத்தான் நோட்டீஸ் பீரியட கணக்கு பண்ணி தள்ளிப் போடணும். விசாவுக்கு அங்க இருக்கிற ஃபாரினர்ஸ் ஆபீஸ் ஒப்புதல் கொடுக்கணும், அதுக்கு ஆகுற நாள் ஊருக்கு ஊர் மாறுது, சம்பளம் இல்லாம நாலு மாசம் வீட்ல உக்காந்திருக்கிறது பண விஷயம் மட்டும் இல்ல.

இனி பணம், இதைத்தான் நான் ரொம்ப அழுத்தி சொல்றேன், ஏன்னா பேப்பர் வேலைய எல்லாம் குடும்பமே சேர்ந்து பாக்கும், பொண்ணோட பணத்தப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. மாப்பிள்ளதான் பாத்துக்குவாரேன்னு முடிச்சிடுவாங்க. அவர் நல்லவராவே இருக்கட்டும், உங்க பேர்ல இருக்கிற ஒவ்வொரு அக்கவுண்ட்டும் உங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சுட்டுத்தான் கெளம்பணும்.

அதுக்கு முதல் சாவி உங்க இந்திய சிம். பேங்க், ஆதார், பான், பிஎஃப் எல்லாத்துக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். இந்தியால இருக்கும்போதே இன்டர்நேஷனல் ரோமிங்க ஆன் பண்ணிடுங்க, வெளிநாட்டுல எஸ்எம்எஸ் வாங்குறதுக்கு காசு இல்ல, ஆனா சிம்ம உயிரோட வச்சிருக்க ரீசார்ஜ் பண்ணிட்டே இருக்கணும். நான் அத கவனிக்காம விட்டு நம்பர் கட் ஆயிடுச்சு. நான் அக்கவுண்ட் வச்சிருந்த பேங்க்ல நம்பர் மாத்தணும்னா நேர்லதான் வரணும்னு சொல்லிட்டாங்க, என் சொந்த சம்பளத்துல சேத்த பணத்த பதினாலு மாசம் கண்ணால கூட பாக்க முடியல. அந்த நம்பர் அப்பா பேர்லயோ அண்ணன் பேர்லயோ இருந்தா முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க.

ரெண்டாவது, நீங்க அங்கயே தங்கப்போறீங்கன்னு கெளம்பிட்டா அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டப்படி நீங்க என்ஆர்ஐ, சாதா சேவிங்ஸ் அக்கவுண்ட்ட அப்படியே வச்சுக்கக் கூடாது, என்ஆர்ஐகளோட இந்தியப் பணத்துக்கான என்ஆர்ஓ அக்கவுண்ட்டா மாத்தணும். அதுல வர்ற வட்டிக்கு 30 சதவீதமும் அதுக்கு மேல செஸ்ஸும் பேங்க்லயே டிடிஎஸ்னு வரியா புடிப்பாங்க, எனக்கு வருமானம் கம்மி, புடிக்காதீங்கன்னு ஃபாரம் கொடுத்து தப்பிக்க முடியாது, வருமானம் கம்மின்னா ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம். அம்மாவ ஜாயின்ட்டா சேர்க்கணும்னா ஃபார்மர் ஆர் சர்வைவர் முறையில சேர்க்கலாம், அதாவது முதல் பேரா இருக்கிற நீங்கதான் நடத்துவீங்க, உங்களுக்கு அப்புறம்தான் அவங்க. பிபிஎஃப் இருந்தா முடியுற வரைக்கும் ஓட்டலாம், புதுசா தொடங்கவோ நீட்டிக்கவோ முடியாது. மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சியவும் என்ஆர்ஐன்னு மாத்தணும். பிஎஃப்ல யுஏஎன் (உங்க பிஎஃப் நம்பர்), ஆதார், பேங்க் மூணும் லிங்க் ஆயிருக்கான்னு பழைய கம்பெனிய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பாருங்க, அப்புறம் ஹெச்ஆர் ஃபோன எடுக்க மாட்டாங்க.

நகை. எல்லாத்தையும் தூக்கிட்டு போகாதீங்க. தாலி, போட்டுக்கிற ரெண்டு வளையல், ஒரு செயின், கம்மல் போதும், அங்க குளிர்ல கழுத்து வரைக்கும் மூடிட்டுத்தான் நடக்கணும். கொஞ்சம் அதிகமா கொண்டு போறீங்கன்னா வேல்யூவேஷன் சர்டிஃபிகேட்டோட ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கங்க, திரும்பி வரும்போது இது இங்கிருந்து போனதுதான்னு காட்ட அதுதான் ஆதாரம். மீதிய லாக்கர்ல வைங்க, ஆனா லாக்கர் உங்க பேரும் அம்மா பேரும் சேர்ந்து இருக்கட்டும். வாடகை கட்டினாலும் ஏழு வருஷம் யாருமே திறக்கலன்னா பேங்க் அதை உடைச்சு திறக்கலாம்னு ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு, அதனால வருஷத்துக்கு ஒரு தடவ அம்மாவ போய் திறந்துட்டு வர சொல்லுங்க. என்னென்ன இருக்குன்னு எடையோட ஃபோட்டோ எடுத்து உங்க மெயில்ல வச்சுக்கங்க.

கையில எவ்வளவு கொண்டு போறது? என் கருத்துல உங்க சொந்தப் பணமா ஆயிரம் யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டுல வேணும், கூட 200 யூரோ நோட்டா, பத்து இருபதுன்னு சில்லறையா. 10,000 யூரோவோ அதுக்கு மேலயோ ரொக்கமா போனா அங்க கஸ்டம்ஸ்ல எழுதிக் கொடுக்கணும்.

போய் இறங்கின பிறகு முதல் வேலை என்ன தெரியுமா, வீட்டு லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர ஒட்டுறது. அங்க போஸ்ட்மேன் பேர பார்த்துத்தான் போடுவாரு, நம்ம சர்நேம் ஹஸ்பண்ட் சர்நேம் மாதிரி இருக்காதே, பேர் இல்லன்னா டேக்ஸ் நம்பர், இன்ஷூரன்ஸ் கார்டு, பேங்க் பின் எல்லாம் திரும்பிப் போயிடும். நீங்க ஃப்ளைட் ஏறும்போதே அவர ஒட்ட சொல்லிடுங்க. குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அதுக்கு வீட்டு ஓனர் கையெழுத்து போட்ட பேப்பர் வேணும். அவர் பப்ளிக் ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல இருந்தா, வேலை இல்லாத வரைக்கும் உங்களையும் ஃபேமிலி இன்ஷூரன்ஸ்ல காசு இல்லாம சேர்த்துக்குவாங்க, பிரைவேட்னா உங்களுக்கு தனியா பிரீமியம். விசா முடியுறதுக்கு முன்னாடி ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், அப்பாயின்மென்ட் கிடைக்க நாளாகும், அதனால வந்த வாரமே கேளுங்க. அந்த பர்மிட்லயே வேலை பாக்குற உரிமையும் இருக்கு.

டேக்ஸ் கிளாஸ்னு ஒண்ணு வரும், மாசா மாசம் சம்பளத்துல எவ்வளவு வரி வெட்டணும்னு அத வச்சுத்தான். நீங்க பதிஞ்சதும் ரெண்டு பேருக்கும் 4-4ன்னு வரும். எல்லாரும் 3-5க்கு மாத்து, மாசம் அவர் கைல கூட வரும்னு சொல்லுவாங்க, நீங்க வீட்ல இருக்கிற வரைக்கும் அது சரிதான். ஆனா நீங்க வேலைக்கு போனா 5ல உங்க சம்பளத்துல இருந்து ரொம்ப வெட்டுவாங்க, வேலை போனா கிடைக்கிற பணமும் பிரசவ லீவுல வர்ற பேரன்ட்ஸ் அலவன்ஸும் கையில வாங்குற சம்பளத்த வச்சுத்தான் கணக்கு, அதனால அதுவும் குறையும். வேலை கிடைக்கிற நேரத்துல ரெண்டு பேரும் உக்காந்து மறுபடி மாத்துங்க. உங்க பேர்ல தனி பேங்க் அக்கவுண்ட்டும் முதல் மாசமே திறந்துடுங்க, ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தாலும் சரி.

படிச்ச சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினல், கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் எல்லாம் எடுத்துக்கங்க. வெளிநாட்டுப் படிப்ப ஜெர்மனி எப்படி மதிக்குதுன்னு சொல்ற அனாபின் டேட்டாபேஸ்ல உங்க யுனிவர்சிட்டி ஹெச் ப்ளஸ்னு (அங்கீகாரம் உண்டுன்னு அர்த்தம்) இருக்கான்னு இங்கயே பாருங்க, உங்க டிகிரிக்கு தனி மதிப்பீட்டு சர்டிஃபிகேட் வேணும்னா 208 யூரோ. கார் ஓட்டுவீங்கன்னா ஆர்டிஓல 1000 ரூபா கட்டி இன்டர்நேஷனல் பர்மிட் வாங்கிக்கங்க, ஆறு மாசம்தான் நம்ம லைசென்ஸ் செல்லும், அப்புறம் தியரியும் ட்ரைவிங்கும் முதல்ல இருந்து.

பெட்டியில நெய், பால்கோவா, பால்ல செஞ்ச எந்த ஸ்வீட்டும் வைக்காதீங்க, பால், இறைச்சி ரெண்டும் ஐரோப்பாக்குள்ள விட மாட்டாங்க. பச்ச கறிவேப்பிலையும் சர்டிஃபிகேட் இல்லாம முடியாது, பொடி பண்ணி எடுத்துக்கங்க. தேங்காய், வாழைப்பழம் ரெண்டுக்கும் அந்த சர்டிஃபிகேட் கேக்க மாட்டாங்க. கரன்ட் 230 வோல்ட்தான், நம்ம மிக்ஸி நல்லா ஓடும், ப்ளக்குக்கு மட்டும் அடாப்டர். மருந்து மூணு மாசத்துக்கு மேல வேணாம், சீட்டுல மருந்தோட மூலப்பேர் எழுதி வாங்குங்க. பல்லு, கண்ணாடி வேலை எல்லாம் இங்கயே முடிங்க.

இத யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லிடுறேன். உங்க பாஸ்போர்ட்டும் பர்மிட் கார்டும் உங்க பையிலதான் இருக்கணும், அவர் பீரோல இல்ல. ஜெர்மனில மூணு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு பிரிஞ்சாலும் உங்களுக்கு தனியா தங்குற உரிமை உண்டு, வீட்ல அடி உதைன்னு கஷ்டம்னா மூணு வருஷம் ஆகலன்னாலும் விதிவிலக்கு கேக்கலாம். 116016ங்கிற நம்பர் பெண்களுக்கான ஹெல்ப்லைன், ஃப்ரீ, 24 மணி நேரமும் எடுப்பாங்க. வேற பேர்ல ஃபோன்ல சேவ் பண்ணி வைங்க. அம்மாகிட்டயும் எழுதிக் கொடுங்க.

டிக்கெட் போடும்போது ஞாயித்துக்கிழமை இறங்குற மாதிரி போடாதீங்க, அன்னைக்கு கடை எல்லாம் மூடியிருக்கும். ஒரிஜினல் பேப்பர் அத்தனையும் கைப்பையில, செக்-இன் பெட்டியில ஒண்ணு கூட வேணாம்.