காம்ப்சன் குடும்பத்தின் கதையை வாசிக்க ஒரு வழி

வில்லியம் ஃபாக்னர் 1929இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ நாவலை ஆசையோடு எடுத்து, முதல் சில பக்கங்களிலேயே திகைத்து மூடிவைத்துவிடுபவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஜெஃபர்சன் என்னும் கற்பனை ஊரில், நிலமும் மதிப்பும் உள்ள ஒரு குடும்பம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் நொடித்துப்போவதே கதை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாசகர்கள் இதற்கு அஞ்சத் தேவையில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பங்காளிகள் ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அறைகளையும், இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள் பழம்பொருள் கடைகளில் சாய்ந்து கிடப்பதையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் அடித்தளம் ஏற்கெனவே தெரியும்.

முதலில் ஒரு தாளில் வம்சாவளியை எழுதிக்கொள்ளுங்கள். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இட்டு, ஒரே பெயருள்ளவர்களை வீட்டு விலாசத்தைச் சொல்லிப் பிரித்தறியும் ஊர் நம்முடையது. அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். தகப்பனும் ஜேசன், இரண்டாவது மகனும் ஜேசன். மூத்த மகன் குவென்டின். அவனுடைய தங்கை கேடி, தன் மகளுக்கும் அதே பெயரை வைக்கிறாள். ஆகவே குவென்டின் என்ற பெயர் வரும்போதெல்லாம் அது ஆணா பெண்ணா என்று பார்த்துவிட்டே மேலே செல்ல வேண்டும். கடைசி மகனுக்கு முதலில் தாய்மாமன் பெயரான மோரி என்று வைத்து, அவனுடைய மனவளர்ச்சிக் குறை தெரிந்தபின் பெஞ்சமின் என்று மாற்றிவிடுகிறார்கள். பென்ஜி என்று அழைக்கப்படுபவன் அவனே.

பலரைத் தடுமாற வைக்கும் முதல் பகுதி இந்தப் பென்ஜி சொல்வது. அவனுக்கு வயது முப்பத்து மூன்று, நாள் 1928 ஏப்ரல் 7. நேற்று, இன்று என்ற பாகுபாடு அவனுக்கு இல்லாததால் காலம் அறிவிப்பின்றி மாறும். அதைக் கண்டுகொள்ள ஒரு நல்ல வழி, அவனைப் பார்த்துக்கொள்பவர் யார் என்று கவனிப்பது. வெர்ஷ் என்றால் பென்ஜியின் குழந்தைப் பருவம், டி.பி. என்றால் அதற்கடுத்த இளமைக் காலம். லஸ்டர் என்றால் 1928. தொடக்கத்திலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வேலியில் நுழையும்போது பென்ஜியின் உடை ஓர் ஆணியில் மாட்டிக்கொள்ள, லஸ்டர் அவனைக் கடிந்துகொள்கிறான். அடுத்த வரியிலோ ஆணியிலிருந்து அவனை விடுவிப்பவள் கேடி. ஆணி தொட்டவுடன் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு குளிர்காலத்துக்குப் போய்விட்டோம். இந்த ஓரிடம் பிடிபட்டுவிட்டால், பொருளோ ஒலியோ தொடும்போதெல்லாம் காலம் மாறும் என்ற முறை விளங்கிவிடும். புரியாத இடங்களில் நின்றுவிடாமல் இப்பகுதியை ஒரே மூச்சில் வாசித்துவிடுவது நல்லது.

இரண்டாம் பகுதி 1910 ஜூன் 2, ஹார்வர்டில் படிக்கும் குவென்டினின் கடைசி நாள். இங்கே நிறுத்தற்குறிகள் கூட உதிர்ந்துபோகும் பத்திகள் உண்டு. அவற்றை மெதுவாக, முடிந்தால் வாய்விட்டு, வாசியுங்கள்.

ஜேசன் பேசும் மூன்றாம் பகுதியை ஒரு பேரேடு பார்ப்பது போல வாசிக்க வேண்டும் என்பேன். கொடுக்கல் வாங்கலில் ஊறிய நம் பகுதியினருக்கு அந்தக் கண் இயல்பாகவே இருக்கும். யார் பணம், யாருக்காக வந்தது, எங்கே போனது என்று ஒவ்வொரு தொகையையும் பின்தொடருங்கள். கேடி தன் மகளுக்காக மாதந்தோறும் காசோலை அனுப்புகிறாள். ஜேசன் பொய்யான ஒரு காசோலையைத் தாயின் கையில் கொடுக்க, அந்த அம்மாள் மானத்தைக் காப்பதாக எண்ணி அதைத் தீயிலிட்டு எரிக்கிறாள். உண்மையான பணமோ மகனிடம் சேர்கிறது. அந்தக் குடும்பம் முழுவதையும் இந்த ஒரு காட்சியிலேயே பார்த்துவிடலாம். இதே கண்ணோடு முதல் பகுதிக்குத் திரும்பினால், பென்ஜி வேலியோரம் நின்று பார்க்கும் கோல்ஃப் மைதானம் ஒரு காலத்தில் அவர்களுடைய மேய்ச்சல் நிலம் என்பதும், குவென்டினின் படிப்புக்கும் கேடியின் கல்யாணத்துக்கும் அது விற்கப்பட்டது என்பதும் தெரியும்.

நான்காம் பகுதி 1928 ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு. இங்கு நம்மோடு இருப்பவள் டில்சி, அந்த வீட்டில் உழைத்தே முதிர்ந்த கறுப்பினப் பெண். அவளை விசுவாசமான வேலைக்காரி என்று மட்டும் புரிந்துகொள்வது பெரும் அநீதி. நம் பெரிய வீடுகளிலும் முகப்பில் நின்று பார்த்தவர்களைவிட அடுப்படியில் நின்றவர்களுக்கே குடும்பத்தின் உண்மை நிலை தெரிந்திருந்தது. டில்சி எதைப் பார்க்கிறாள், எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்பதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கேடிக்கென்று ஒரு பகுதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். அவள் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்பது தாயின் கட்டளை. ஆனால் மூன்று சகோதரர்களும் அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி இறந்த இரவில், சேறு படிந்த உள்ளாடையோடு மரமேறி ஜன்னல் வழியே உள்ளே பார்க்கும் சிறுமியாக அவள் வரும் காட்சியிலிருந்தே நாவல் பிறந்ததாக ஃபாக்னர் கூறியிருக்கிறார். அவளைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்வதை அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், மூவரும் காட்டுவது வெவ்வேறு கேடிகளை என்பது தெளிவாகும்.

நான்கும் முடிந்தபின் பென்ஜியின் பகுதியை மறுபடி வாசியுங்கள். காம்ப்சன் வம்சத்தைப் பற்றி ஃபாக்னர் பின்னாளில் எழுதி 1946இல் வெளிவந்த பின்னிணைப்பைச் சில பதிப்புகள் நாவலுக்கு முன்னாலேயே சேர்த்திருக்கும். சில விவரங்கள் நாவலோடு ஒத்துப்போகாததாலும், முடிவுகளை முன்கூட்டியே சொல்லிவிடுவதாலும், அதைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்பதே சரி.