வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக மனு எழுதுவது எப்படி

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் 26 வருடம் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவு செய்த செவிலியர் நான். வயிற்றில் இருப்பதும் ஒரு உயிர்தான், அதைக் காக்கச் சட்டம் வேண்டும் என்பது என் நம்பிக்கை. ஓய்வுபெற்ற பிறகு, இதே எண்ணமுள்ள ஏழு பெண்கள் சேர்ந்து மக்கள் பிரதிநிதிகளிடம் மனு கொடுத்து வருகிறோம்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கருக்கலைப்புச் சட்டத்தை 1971இல் கொண்டுவந்தது நாடாளுமன்றம். 2021இல் அதைத் திருத்தி, குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்கு 20 வார வரம்பை 24 வாரமாக்கியதும் அதுவே. அதனால் சட்டத்தைப் பற்றிய கோரிக்கை எம்.பி.க்கு. திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிக்காரர்களுக்கும் வடசென்னை எம்.பி. ஒருவர்தான்.

அவரைத் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் மசோதா, கொண்டுவரச் சொல்லலாம். மக்களவையில் வெள்ளிக்கிழமை பிற்பகல் அதற்கான நேரம். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக 1970இல். அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரு கேள்வி. 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எம்.பி. எழுத்துப் பதில் கேட்டு, அந்தக் கேள்வி ஏற்கப்பட்டால், அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். கேள்வியை நாமே எழுதிக் கொடுத்துவிடலாம்: ‘ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கடந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எத்தனை ஸ்கேன் மையங்கள் மீது வழக்குப் போடப்பட்டது?’ பதில் வந்தால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மனுவுக்கு அதுதான் அடித்தளம்.

எம்.எல்.ஏ. விஷயம் வேறு. அவரிடம் தொகுதிக்குள் செய்யக்கூடியதைக் கேட்க வேண்டும். முதல் தடவை நான்கு பக்கம் எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பி.ஏ. முதல் பக்கத்தைப் பார்த்தார், அப்படியே நான்காக மடித்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்றார். சொல்லத் தெரியாமல் ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று இரவு உட்கார்ந்து அரைப் பக்கத்தில் ஒரே ஒரு கோரிக்கை எழுதினேன்.

அது ஒரு அறிவிப்புப் பலகை. வளர்க்க வழியில்லாத தாய், குழந்தையை, மாவட்டத்தில் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில் இது இருக்கிறது. வளர்க்க முடியாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டமும் தமிழ்நாட்டில் 1992 முதல் உண்டு. வியாசர்பாடியில் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்த ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "போலீஸ்ல பிடிக்க மாட்டாங்களாக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். வழி இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அத்தனை நாள் பயந்திருக்க மாட்டாள். ‘நம் தொகுதியின் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும், கர்ப்பிணிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணோடு இதைத் தமிழில் எழுதி வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.’ மனு அவ்வளவுதான். இந்தத் தடவை பி.ஏ. முழுதாகப் படித்தார்.

எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். கருவைக் கலைத்த பெண்ணையோ டாக்டரையோ கொலைகாரர் என்று எழுதாதீர்கள். அப்படி ஒரு வரி இருந்தாலே மனு நகராது, அதைவிட அது அநியாயம். கையில் காசில்லாமல், கட்டியவன் விட்டுப்போய், மசக்கையோடு மீன் கூடை தூக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பெண்ணின் பெயரையும், தெருவையும்கூட மனுவில் போட வேண்டாம்.

அப்புறம், கையெழுத்துப் போடும் எல்லோரும் வாக்காளர் அட்டை எண்ணை எழுதுங்கள். "நம்ம தொகுதியா?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த நகலோடு போய்க் கேளுங்கள். எங்கள் பலகை இன்னும் வரவில்லை. வருகிற திங்கள்கிழமை காலை மறுபடியும் போகிறோம்.